பாசி எடுக்கும் கையில் 3 மாதமாக ஆறாத புண்: சுகரா, டிபியா, வேறா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 52. பாம்பன் பக்கம் கடலில் இறங்கிப் பாசி எடுப்பவர். சுகர் வந்து 8 வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, இரவில் அடோர்வாஸ்டாடின் சாப்பிடுகிறார். போன வாரம் வெறும் வயிற்றில் சுகர் 190 இருந்தது. 3 மாதத்துக்கு முன் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) பாசி பறிக்கும்போது வலது நடுவிரலில் ஏதோ குத்தியது. இரண்டு நாளில் ஆறிவிட்டது. 3 வாரம் கழித்து அதே இடத்தில் பரு மாதிரி வந்து, உடைந்து புண்ணாகிவிட்டது. இப்போது புறங்கையில் ஒன்று, மணிக்கட்டுக்கு மேல் இரண்டு என்று கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறுகின்றன. வலி அதிகமில்லை, காய்ச்சல் இல்லை. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் இரண்டு தடவை சாப்பிட்டும் பலனில்லை. ஒரு டாக்டர் சுகர் புண் என்கிறார். இன்னொருவர் புண்ணைத் துடைத்துச் சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) பார்த்தார், டிபி இல்லை என்று வந்தது. ஆனாலும் டிபி மாத்திரை தொடங்கிப் பார்க்கலாம் என்கிறார். பக்கத்து வீட்டில் விஷக்கடி என்று பச்சிலை வைத்துக் கட்டச் சொல்கிறார்கள். விரலை எடுக்க வேண்டி வருமா? வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது, ஒட்டிக்கொள்ளுமா? அம்மா மறுபடி பாசிக்குப் போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று விவரங்கள் முக்கியமானவை. குத்தியது கடலுக்குள். புண் கிளம்பியது மூன்று வாரம் கழித்து. கட்டிகள் விரலிலிருந்து முழங்கையை நோக்கி வரிசையாக ஏறுகின்றன. இந்த மூன்றையும் இதுவரை பார்த்த டாக்டர்களிடம் ஒன்றாகச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. ஐந்து நிமிடத்தில் பார்த்து அனுப்பும் இடத்தில், "கையில் புண், சுகர் இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துபோவது சகஜம். அடுத்து பார்க்கப்போகும் டாக்டரிடம், அவர் கேட்பதற்கு முன்பே, "கடலில் பாசி எடுக்கிற கை, பாரில் குத்தினது" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் சந்தேகப் பட்டியலே மாறிவிடும்.

அப்படி மாறும் பட்டியலில் முதலில் நிற்பது மைக்கோபாக்டீரியம் மெரைனம் என்ற கிருமி. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி முறை. ஆனால் நுரையீரலுக்குப் போகாது, இருமலில் பரவாது. கடல்நீரிலும் உப்பங்கழியிலும் மீன் தொட்டியிலும் வாழும். 1926-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், காட்சித் தொட்டியில் செத்த கடல்மீன்களில் முதலில் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கும் வரும் என்பது 1951-இல் சுவீடனில் நீச்சல்குளத்தில் குளித்தவர்களின் தோல் புண்களைப் பார்த்தபோது தெரிந்தது. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் நீங்கள் சொல்வது அதன் போக்கோடு நன்றாகப் பொருந்துகிறது. குத்திய காயம் ஆறிவிடும். 2 முதல் 4 வாரம் கழித்து, சில பேருக்கு மாதக்கணக்கில் கழித்துக்கூட, சிவந்த அல்லது ஊதா நிறக் கட்டி வரும். மெதுவாக உடையும். நிணநீர்க் குழாய் போகும் வழியில் அடுத்தடுத்த கட்டிகள் கிளம்பும். வலி குறைவு, காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் பலர் இரண்டு மூன்று மாதம் கழித்தே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

இந்தக் கிருமிக்கு 30 முதல் 33 டிகிரி செல்சியஸ்தான் பிடிக்கும், 37 டிகிரியில் சரியாக வளராது. உடம்பின் நடுப்பகுதியைவிட விரலும் புறங்கையும் குளிர்ச்சியாக இருப்பதால் அங்கேயே தங்கிவிடுகிறது. ஆய்வகத்தில் கோட்டை விடுவதற்கும் இதே சூடுதான் காரணம். அதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

சுகர் புண் என்று சொன்னவரை முழுக்கத் தப்பு சொல்ல முடியாது. சுகர் 190-இல் நிற்கும்போது எந்தப் புண்ணும் மெதுவாகத்தான் ஆறும். ஆனால் சுகர் மட்டும் கட்டிகளை வரிசையாக ஏற்றாது. சுகர்காரர்களின் கையில் சீழ் பிடிக்கும் வழக்கமான தொற்று வேறு மாதிரி இருக்கும்: ஓரிரு நாளில் கை வீங்கும், கொதிக்கும், வலி தாங்காது. உங்கள் அம்மாவுக்கு நடப்பது அந்த வேகத்தில் இல்லை. "சுகர் புண்" என்று பெயர் வைத்தவுடன் மேற்கொண்டு தேடுவது நின்றுபோகிறது. எனக்கு அந்தப் பெயரில் உள்ள மனக்குறை அதுதான்.

வரிசையாகக் கட்டி ஏறும் வேறு நோய்களும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி: அம்மா விறகுக்கோ கரிமூட்டத்துக்கோ சீமைக்கருவேலம் வெட்டுகிறாரா? முள், மண், காய்ந்த கட்டை வழியாகப் புகும் ஸ்போரோட்ரிக்ஸ் என்ற பூஞ்சைக்கும் இதே வரிசைதான். அதற்கு இட்ராகோனசோல் என்ற முற்றிலும் வேறு மருந்து. மண்ணிலிருந்து வரும் நொகார்டியா என்ற பாக்டீரியாவும் இப்படி ஏறும். தோலில் வரும் உண்மையான காசநோயையும் தள்ளிவிட முடியாது, நம் நாட்டில் அது அப்படியொன்றும் அபூர்வமில்லை. கட்டி இருக்கும் இடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோயையும் யோசிக்க வேண்டும். பஞ்சு தொட்டால் தெரிகிறதா, குண்டூசி முனையும் தலையும் வித்தியாசம் தெரிகிறதா என்று டாக்டர் பார்ப்பார். ஆறாத புண்ணின் ஓரம் தடித்துப் பூக்கோசு போலக் கிளம்பினால் தோல் புற்றுநோயையும் சந்தேகிக்க வேண்டும். இவற்றில் எது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வது அனுபவசாலிக்கும் கடினம். அதனால் சதை எடுத்துப் பார்ப்பதற்கு முன் மூன்றாவது ஆன்டிபயாடிக்குக்குத் தாவாதீர்கள். அரைகுறையாகச் சாப்பிட்ட மருந்து நோயை ஆற்றாமல், கல்ச்சரில் (ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதில்) கிருமி வளராதபடி மட்டும் செய்துவிடும்.

முதலில் எளிதான ஒன்று. உள்ளே ஏதாவது ஒடிந்து தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரா, கெளுத்தி, திருக்கை முள்ளோ, பவளப்பாறைத் துணுக்கோ, சிப்பி ஓடோ உள்ளே இருக்கும்வரை எந்த மாத்திரையும் வேலை செய்யாது. பாறைத் துணுக்கும் சிப்பியும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியும். மெல்லிய மீன்முள் தெரியாமல் போகலாம். கருவேல முள்ளும் வலை நூலும் எக்ஸ்ரேயில் தெரியாது, அதற்கு விரலை அல்ட்ராசவுண்டு ஸ்கேன் செய்ய வேண்டும். எக்ஸ்ரே எடுப்பதில் இன்னொரு லாபம், எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது பயாப்சி, அதாவது சதை எடுத்துப் பார்ப்பது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். அங்கே கூடாவிட்டால் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். விரலை மரக்கவைத்து 4 முதல் 6 மில்லிமீட்டர் அகலத்தில் சதை எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். புண்ணின் நடுவில் எடுத்தால் செத்த சதையும் சாதாரணக் கிருமியும்தான் கிடைக்கும். புதிதாக வந்த, இன்னும் உடையாத கட்டியிலிருந்தோ புண்ணின் ஓரத்திலிருந்தோ ஆழமாக எடுப்பதே பலன் தரும். பஞ்சால் புண்ணைத் துடைத்து எடுத்த மாதிரி போதாது. அம்மாவுக்குச் செய்தது அதுதான்.

அடிக்கடி தவறு நடக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடுவார்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், பிறகு கல்ச்சருக்கு வழியே இல்லை. ஒரு துண்டு ஃபார்மலினில் நோய்க்கூறியல் பிரிவுக்கு, இன்னொரு துண்டு ஃபார்மலின் படாமல் கிருமி நீக்கிய சலைன் பாட்டிலில் நுண்ணுயிரியல் பிரிவுக்கு என்று இரண்டாகப் போக வேண்டும். "கல்ச்சருக்குத் தனியா வச்சிருக்கீங்களா?" என்று நீங்களே கேட்கலாம், அதில் தப்பில்லை. சீட்டில் டாக்டர் எழுத வேண்டியவை: கடலில் குத்திய காயம், மெரைனம் சந்தேகம், 30 முதல் 32 டிகிரியில் ஒரு தொகுதியும் 37 டிகிரியில் ஒரு தொகுதியும் வளர்க்கவும், பூஞ்சைக் கல்ச்சரும் வேண்டும், 6 வாரம் முடியும்வரை கைவிட வேண்டாம். இப்படி எழுதாவிட்டால் ஆய்வகம் வழக்கப்படி 37 டிகிரியில் மட்டும் வைக்கும், "ஒன்றும் வளரவில்லை" என்று வரும். கடலோர மாவட்டங்களில் இந்த நோய் இருப்பதைவிடக் குறைவாகக் கணக்கில் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

முடிவைப் படிக்கும்போது மூன்று விஷயம். நோய்க்கூறியல் அறிக்கையில் "கிரானுலோமா" (அழற்சிச் செல்கள் திரண்ட முடிச்சு) என்று வந்தால் அது டிபி என்று பொருளல்ல, பங்காளிக் கிருமிக்கும் பூஞ்சைக்கும் அதே வார்த்தைதான் வரும். டிபி ஊசிப் பரிசோதனையான மான்டூ தடித்தாலும் அப்படித்தான், இரண்டு நோயிலும் தடிக்கும். சிபிநாட் காசநோய்க் கிருமிக் குடும்பத்தை மட்டுமே கண்டுபிடிக்கும், மெரைனம் அதில் வராது. தோல் மாதிரியில் கிருமி மிகக் குறைவாக இருப்பதால், உண்மையான தோல் டிபியையும் சிபிநாட் தவறவிடலாம். ஆக, இல்லை என்று வந்த அந்த அறிக்கையை வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது.

டிபி மாத்திரை தொடங்கலாமா என்பது உங்கள் கேள்வியில் நியாயமான பகுதி. அந்த நான்கு மருந்துக் கூட்டில் ரிஃபாம்பிசினும் எத்தாம்பியூட்டாலும் மெரைனத்தின் மேலும் வேலை செய்யும். ஐசோநியாசிட் நம்பத்தக்கதல்ல, பைரசினமைடு வேலையே செய்யாது. விளைவு, புண் கொஞ்சம் ஆறும். "பார்த்தீர்களா, டிபிதான்" என்று முடிவாகிவிடும். இரண்டு மாதத்துக்குப் பிறகு கட்டி மறுபடி தலைகாட்டினால் மருந்துக்கு அடங்காத டிபி என்ற பயம் தொடங்கும். தேவையில்லாத இரண்டு மருந்தால் கல்லீரலுக்குப் பாரம் வேறு. அம்மாவுக்கு இருமல், எடை குறைவு, இரவில் வியர்வை இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் உடனே செய்ய வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால், மூன்று மாதமாக மெதுவாகப் போகும் நோயில் பயாப்சி எடுக்கும்வரை ஒரு வாரம் பொறுப்பதால் நஷ்டமில்லை. சதையை எடுத்துவிட்ட பிறகு, கல்ச்சர் வரும்வரை 6 வாரம் சும்மா இருக்க வேண்டியதில்லை. டாக்டர் சந்தேகத்தின் பேரிலேயே மருந்து தொடங்கலாம்.

மெரைனம் என்றால் வழக்கமாகக் கொடுப்பது கிளாரித்ரோமைசின் 500 மில்லிகிராம் காலை, இரவு. அதோடு எத்தாம்பியூட்டால் ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் கணக்கில் தினம் ஒரு வேளை. ஒரே ஒரு சின்னக் கட்டி என்றால் டாக்ஸிசைக்ளின் அல்லது மினோசைக்ளின் மட்டும் கொடுப்பதும் உண்டு. தசைநாண் உறை (விரலை அசைக்கும் நாணைச் சுற்றியுள்ள உறை), மூட்டு, எலும்பு வரை போயிருந்தால் ரிஃபாம்பிசினும் சேரும். கட்டிகள் முழுக்க மறைந்த பிறகும் 1 முதல் 2 மாதம் சாப்பிட வேண்டும், மொத்தம் 3 முதல் 4 மாதம் ஆகும். ஆழமாகப் போயிருந்தால் 6 மாதம் அல்லது அதற்கு மேல். புண் மூடியதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் திரும்ப வருவதற்கு முக்கியக் காரணம்.

உங்கள் அம்மா சாப்பிடும் மற்ற மாத்திரைகளை வைத்து இங்கே ஓர் எச்சரிக்கை. கிளாரித்ரோமைசின் கிளிமிபிரைடோடு சேரும்போது சுகர் திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சுகர் பாருங்கள். ரிஃபாம்பிசின் நேர்மாறாக, கிளிமிபிரைடின் வேகத்தைக் குறைத்துச் சுகரை ஏற்றிவிடும். அடோர்வாஸ்டாடினோடு கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் தசை வலி, அரிதாகத் தசைச் சிதைவு வரை போகும். மருந்து நடக்கும் நாட்களில் அதை நிறுத்துவதா குறைப்பதா என்று டாக்டர் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் மாத்திரைகள் என்றால் ஆஸ்பத்திரிச் சீட்டில் அவை இருக்காது, டாக்டருக்குத் தெரியவும் தெரியாது. அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். தொடங்கும் முன் கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, ஒரு ஈசிஜி பார்த்துக்கொள்வது நல்லது. எத்தாம்பியூட்டால் கண் நரம்பைப் பாதிக்கக்கூடியது. வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் தினசரிக் காலண்டரின் எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து மங்கினாலோ சிவப்பு, பச்சை வெளுத்துத் தெரிந்தாலோ அந்த மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

புண் ஆறும் சில மாதங்களுக்கு மட்டும் இன்சுலின் போடச் சொன்னால் மறுக்காதீர்கள். "ஒருதடவை போட்டால் ஆயுசுக்கும் ஊசிதான்" என்பது சரியல்ல. புண் ஆறிச் சுகர் அடங்கியதும் பலரும் மாத்திரைக்கே திரும்புகிறார்கள்.

விரலை எடுக்க வேண்டி வருமா? இந்த நிலையில் அதற்கான அறிகுறி எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. விரல் முழுவதும் வீங்கி மடங்காமல் போவது, மடங்கிய விரலை நிமிர்த்தினால் உயிர் போகும் வலி, மூட்டுக்கு மேலேயே புண் வருவது, இவை தசைநாண் உறைக்குள்ளோ மூட்டுக்குள்ளோ இறங்கியதைக் காட்டும். அப்போதும் பெரும்பாலும் உள்ளே சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சைதான். வீக்கத்துக்கு என்று மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கிருமி அதில் செழித்து வளரும்.

மெரைனம் என்றால் குழந்தைக்கு ஒட்டாது, ஆளிடமிருந்து ஆளுக்கு அது பரவுவதில்லை. அம்மா தாராளமாகக் குழந்தையைத் தூக்கலாம். புண்ணை மூடிக் கட்டிக்கொண்டு சமைக்கலாம்.

பச்சிலையும் மஞ்சள்-சுண்ணாம்பும் வேண்டாம். சுண்ணாம்பு தோலை வேகவைத்துவிடும், பயாப்சியில் என்ன தெரிகிறது என்பதே குழம்பும். விஷமுள் குத்தினால் வலி அந்த நிமிடமே வரும், மூன்று வாரம் காத்திருக்காது. புண்ணைக் காய்ச்சி ஆற்றிய தண்ணீரில் கழுவி, உலர்ந்த காஸ் துணி வைத்துத் தினம் ஒருமுறை கட்டுங்கள். கடல்தண்ணீரில் கழுவ வேண்டாம். சூடு இந்தக் கிருமிக்கு ஆகாது என்று படித்துவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க நினைப்பீர்கள். 8 வருடச் சுகரில் விரல் உணர்ச்சி குறைந்திருக்கலாம், வெந்து கொப்பளித்தாலும் தெரியாது. கொடுக்காதீர்கள்.

கடல் காயத்தில் காத்திருக்கவே கூடாத நோய் வேறு. விப்ரியோ வல்னிஃபிகஸ் என்பது அரிது, ஆனால் ஆளைக் கொல்லும். காயம்பட்ட ஓரிரு நாளுக்குள் கை மளமளவென்று வீங்கி, ரத்தம் கோத்த கருநீலக் கொப்புளங்கள் வரும், காய்ச்சலும் மயக்கமும் சேரும். சுகர், கல்லீரல் நோய், தொடர்ந்த குடி உள்ளவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும், அங்கே மணிக்கணக்கில் உயிர் போகும். இதற்கு எதிர்க்கோடியில், மீன் அரிபவர்கள் விரலில் ஒரு வாரத்துக்குள் வரும் எரிசிபெலோத்ரிக்ஸ்: ஊதா நிறத்தில் ஓரம் மேடான படை, சீழே இருக்காது, ஆனால் வலி அளவுக்கு மீறியிருக்கும். பென்சிலின் வகை மருந்துக்குச் சீக்கிரம் அடங்கிவிடும். உங்கள் அம்மாவுக்கு அது இல்லை என்று காலக்கணக்கே சொல்கிறது.

வேலைக்கு வருகிறேன். புண் முழுவதும் தோல் மூடும்வரை கடலில் கை வைக்கக் கூடாது, பெப்சி பாசி (மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசி) கட்டும் வேலை உட்பட. அதுவரை கரையில் காயவைத்துத் தரம் பிரிக்கும் வேலை என்றால், உலர்ந்த கையுறையோடு செய்யலாம். மருந்து முடியும் முன்பே தோல் மூடிவிட்டால் கடலுக்குப் போகும் நாளை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

திரும்பிப் போகும்போது விரலில் சுற்றும் துணியைப் பற்றி யோசிக்க வேண்டும். நனைந்த துணி முள்ளைத் தடுக்காது, மணலையும் கிருமியையும் தோலோடு சேர்த்து மணிக்கணக்கில் அழுத்தி வைத்திருக்கும். உள்ளங்கையும் விரலும் ரப்பர் பூச்சுள்ள, மணிக்கட்டில் இறுகும் வேலைக் கையுறை நல்லது. பிடி தெரியாது என்பது நியாயமான குறைதான், ஒரு அளவு சின்னதாக வாங்கினால் ஓரளவு சரியாகும். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு, ஒன்றை நல்ல தண்ணீரில் அலசி உள்பக்கம் வெளியே புரட்டி வெயிலில் காயப்போட வேண்டும். கரையேறியதும் கை கழுவ 2 லிட்டர் நல்ல தண்ணீரும் ஒரு சோப்பும் கூடவே போகட்டும். ஏதாவது குத்தினால் துணுக்கை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் 5 நிமிடம் தேய்த்துக் கழுவி, போவிடோன் அயோடின் தடவ வேண்டும். கடைசியாக டிடி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும். திருக்கையோ ஓராவோ கெளுத்தியோ குத்தி வலி தாங்காவிட்டால், பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் கையை வைத்தால் விஷம் செயலிழக்கும். சூட்டை வேறொருவர் கை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

குத்திய தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். 2 மாதம்வரை வாரம் ஒருமுறை அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, சின்ன முடிச்சு தட்டுப்பட்டால் பரு அளவில் இருக்கும்போதே தோல் டாக்டரிடம் போக வேண்டும். இப்போதைய சிகிச்சையில் 6 வாரம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் கட்டி எதுவும் சிறிதாகவில்லை என்றால், கல்ச்சர் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நோயையே மறுபடி யோசிக்கச் சொல்லுங்கள்.